மாடி அறைக் கணினிக்கு நெட் வரவில்லை: ஒரு கேபிள், ஒரு பழைய ரவுட்டர்

புகார் ஒரே வரிதான்: "போன்ல எல்லாம் நெட் வருது, கம்ப்யூட்டர்ல மட்டும் வரல." இதை அப்படியே எடுத்துக்கொண்டால் கணினிதான் குற்றவாளி என்று தோன்றும். கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழித்துப் போடுவது, விண்டோஸை மறுபடி ஏற்றுவது என்று வேலை அந்தத் திசையில் ஓடிவிடும். இந்த இடத்தில் கணினியின் மேல் பெரிதாகத் தப்பில்லை. இரண்டு கோளாறுகள் ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்திருந்தன. முதலாவதைச் சரிசெய்தபின்தான் இரண்டாவது கண்ணில் பட்டது.

முதலில் இணைப்பு எப்படிப் போகிறது என்பது. கீழ்த்தளத்தில் ஃபைபர் வந்து சேரும் பெட்டி. மோடம், ரவுட்டர், வைஃபை மூன்றும் அதற்குள்ளேயே. பக்கத்தில் ஐந்து துளை கிகாபிட் ஸ்விட்ச், அதாவது பல கேபிள்களை ஒரே வலையில் சேர்க்கும் பெட்டி. ஸ்விட்சிலிருந்து சுமார் 22 மீட்டர் கேட்-5இ கேபிள் ஜன்னல் வழியாக மாடி அறைக்கு ஏறி, மேசைக் கணினியில் முடிகிறது. அதே ஸ்விட்சிலிருந்து இன்னொரு கேபிள், பின்அறையில் வைஃபை எட்டவில்லை என்று வைத்திருந்த ஒரு பழைய ரவுட்டருக்கு. கணினியில் விண்டோஸ் 10, நெட்வொர்க் சில்லு மதர்போர்டிலேயே இருக்கும் வகை.

எந்த இடத்திலும் வேலையைத் தொடங்குமுன் இப்படி ஒரு படத்தைக் காகிதத்தில் கிறுக்கிவிடுவது நல்லது. எந்தப் பெட்டி எதில் செருகியிருக்கிறது, எந்தத் துளையில் என்று ஐந்து நிமிடம் எழுதினால் போதும். இங்கே அந்தப் படத்தில் "பழைய ரவுட்டர்" என்று எழுதிய கணமே ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அது பின்னால் வருகிறது.

விளக்கு

கணினியின் பின்புறம் லேன் துளையில் (நெட் கேபிள் செருகும் இடம்) இரண்டு சிறு விளக்குகள் இருக்கும். ஒன்று இணைப்பு இருக்கிறதா என்பதற்கு, மற்றொன்று தகவல் போய்வருவதற்கு. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை நம்ப வேண்டாம். எரிகிறதா என்பது மட்டும் போதும். இந்தக் கணினியில் விளக்கு ஐந்தாறு விநாடி எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தது. திரையில் அதற்கேற்ப "நெட்வொர்க் கேபிள் அன்பிளக்டு" என்பதும் "ஐடென்டிஃபையிங்" என்பதும் மாறி மாறி வந்தன. ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் பகுதியைத் திறந்தால் இணைப்பு அறுந்ததாக நெட்வொர்க் டிரைவர் எழுதிய வரிகள் அடுக்கடுக்காக.

விளக்கு நிலையாக எரியாதவரை மென்பொருள் பக்கம் போகவே கூடாது. கட்டளை அடிப்பது, முகவரி மாற்றுவது, டிரைவரைக் கழற்றுவது எல்லாம் இந்த நிலையில் வீண். மின்சாரமே வராத ஃபேனுக்கு ரெகுலேட்டரைத் திருப்பிக்கொண்டிருப்பது போலத்தான்.

சந்தேகத்துக்கு மூன்று பேர்: கணினியின் துளை, கேபிள், ஸ்விட்சின் துளை. ஸ்விட்சைக் கழிப்பது சுலபம். கேபிளை வேறு துளையில் மாற்றிச் செருகினால் போதும். மாற்றியும் அதே ஆட்டம். அடுத்து மாடியில் கேபிளைக் கணினியிலிருந்து உருவி ஒரு லேப்டாப்பில் செருகினால், விளக்கு நிலையாக எரிந்தது, நெட்டும் வந்தது.

பெரும்பாலும் தீர்ப்பு தவறாக எழுதப்படுவது இங்கேதான். லேப்டாப்பில் வருகிறது, ஆகவே கேபிள் நன்றாக இருக்கிறது, ஆகவே கணினியின் நெட்வொர்க் கார்டு போய்விட்டது, புதுக் கார்டு வாங்கு! கார்டு வாங்குமுன் லேப்டாப் என்ன வேகத்தில் இணைந்தது என்று பார்க்க வேண்டும். பவர்ஷெல்லைத் திறந்து "கெட்-நெட்அடாப்டர்" என்று அடித்தால் கடைசிப் பத்தியில் வேகம் வரும். வந்தது 100 எம்பிபிஎஸ். லேப்டாப்பும் கிகாபிட், ஸ்விட்சும் கிகாபிட், கேபிள் கேட்-5இ; 1 ஜிபிபிஎஸ் வந்திருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு வந்தால் கேபிளில் கோளாறு.

காரணம் இதுதான். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். 1, 2, 3, 6 ஆகிய நான்கு முள்கள்தான் வேலை செய்யும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஆனால் "நான் கிகாபிட் பேசுவேன், நீ பேசுவாயா" என்று இரு முனைகளும் பேரம் பேசிக்கொள்வது அந்த முதல் இரண்டு ஜோடிகளில் மட்டும். ஆகவே 4, 5, 7, 8 இவற்றில் ஒன்று அறுந்திருந்தாலும் பேரம் ஒழுங்காக முடியும். கிகாபிட் என்று ஒப்புக்கொண்டு நான்கு ஜோடியிலும் வேலையைத் தொடங்கும்போது இணைப்பு விழும். சில சில்லுகள் இரண்டு மூன்று முறை விழுந்ததும் புரிந்துகொண்டு 100-க்கு இறங்கிவிடும். லேப்டாப்பில் இருந்தது அந்த வகை. மேசைக் கணினியின் சில்லுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கிகாபிட் கிகாபிட் என்று முட்டிக்கொண்டே இருந்தது. ஒரே பழுதான கேபிள், ஒரு கருவியில் ஓடும், இன்னொன்றில் ஓடாது.

உறுதிசெய்ய இரண்டு சோதனை. முதலாவது, கணினியில் டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர்ஸ், அந்தக் கார்டின் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, "ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ்". ஆட்டோ நெகோஷியேஷன் என்பதை 100 எம்பிபிஎஸ் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று மாற்றியதும் விளக்கு சட்டென்று நிலைத்தது. இதை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. விடக் கூடாது. ஒரு முனையைக் கையால் பூட்டி மறுமுனை ஆட்டோவில் இருந்தால், மறுமுனைக்கு வேகம் தெரியும், டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு பக்கமும் பேசலாமா என்பது) தெரியாது. அது ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று வைத்துக்கொள்ளும். பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) நன்றாக வரும், பெரிய ஃபைல் எடுத்தால் நத்தை மாதிரி நகரும். சோதனை முடிந்ததும் ஆட்டோவுக்கே திருப்பிவிட வேண்டும்.

இரண்டாவது, கணினியைக் கீழே தூக்கி வந்து ஸ்விட்சில் ஒரு மீட்டர் நல்ல கேபிளால் நேரடியாக இணைத்தது. 1 ஜிபிபிஎஸ், விளக்கு அசையவில்லை. கார்டு விடுதலை. அப்போதே முகவரியையும் பார்த்திருந்தால் இரண்டாவது கோளாறும் அங்கேயே பிடிபட்டிருக்கும். வேகத்தை மட்டும் பார்த்ததால் தவறியது.

கேபிள்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டெஸ்டர் போதும். பெரிய பாதியை ஒரு முனையிலும் சின்னப் பாதியை மறுமுனையிலும் செருகினால் 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக ஓடும். இங்கே 5 எரியவில்லை. கேபிளை லேசாக ஆட்டியபடி ஒவ்வொரு முனையையும் பார்த்ததில், மாடி முனையில் ஆட்டும்போது மட்டும் 5 ஒரு கணம் கண் சிமிட்டியது. மேசையைச் சுவரோடு தள்ளிவைத்த இடத்தில் கேபிள் கனெக்டரை ஒட்டியே செங்குத்தாக மடிந்திருந்தது.

கனெக்டரை வெட்டி, உறையைச் சீவிப் பார்த்தால் வெள்ளை-நீலக் கம்பி, முள்ளுக்குச் சற்று முன்னால் முறிந்திருக்கிறது. முறிந்த நுனியைப் பிளேடால் மெல்லச் சுரண்டினால் மேலே செம்பு, உள்ளே வெள்ளி நிறம். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கம்பி. கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும் கேபிள்களில் இது ஏராளம். அலுமினியம் நாலைந்து முறை மடித்தால் முறியும். மின்தடையும் செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல். கேபிள் வழியாகவே மின்சாரம் போகும் கேமராக்களுக்கு இதைப் போடவே கூடாது, சூடேறும். வாங்கும்போது உறைமேல் "சிசிஏ" என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். அச்சில்லாவிட்டாலும் கடையிலேயே ஒரு நுனியைச் சுரண்டிப் பார்க்கக் கேட்பதில் தப்பில்லை. எடைபோட்டாலும் தெரியும், சுருள் சந்தேகத்துக்கு இடமின்றி லேசாக இருக்கும்.

22 மீட்டரையும் மாற்றுவதுதான் முறையான வேலை. அன்றைக்குப் புதுக் கேபிள் இல்லாததால் முனை மட்டும் புதிதாகக் கட்டப்பட்டது. கட்டும் முறையில் கவனிக்க வேண்டியவை இவை.

வெளியுறையை 25 மில்லிமீட்டர் அளவுக்கு உரிக்க வேண்டும். உரித்ததும் உள்கம்பிகளில் பிளேடு பட்ட கீறல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் வெட்டி மறுபடி தொடங்கு, அந்தக் கீறலில்தான் ஆறு மாதம் கழித்து முறியும். முறுக்கைப் பிரித்து நேராக்கி, இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கனெக்டரைப் பிடிக்கும் விதம்: கிளிப் கீழே, பொன்நிற முள்கள் மேலே, கேபிள் நுழையும் வாய் நம் பக்கம். அப்போது இடது ஓரம் 1.

எட்டையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, உறையிலிருந்து 12, 13 மில்லிமீட்டர் விட்டு ஒரே வெட்டு. இதற்குமேல் நீளமாக விட்டால் இரண்டு தொல்லை: முறுக்குப் பிரிந்த பகுதி நீண்டு, ஒரு ஜோடியின் சமிக்ஞை அடுத்த ஜோடியில் கசியும், வெளியுறை கனெக்டருக்குள் போகாமல் வெளியே நின்று, இழுவை முழுவதும் மெல்லிய கம்பிகள்மேல் விழும். வெளியுறை உள்ளே போய், கனெக்டரின் அடிப்பக்க ஆப்பு அதன்மேல் அமர வேண்டும். கிரிம்பிங் டூலை அழுத்துமுன் கனெக்டரின் முகப்பை வெளிச்சத்தில் பார்த்தால் எட்டு நுனியும் முன்சுவரைத் தொட்டு வட்டமாகத் தெரிய வேண்டும். ஏழு தெரிந்தால் உருவி மறுபடி வெட்டு. அழுத்தியபின் திருத்த வழி கிடையாது, கனெக்டர் குப்பைக்கு.

நடைமுறையில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு தவறு: நிறங்களை ஜோடி ஜோடியாகவே அடுக்கிவிடுவது. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று பார்க்க ஒழுங்காக இருக்கும். இரு முனையிலும் ஒரே மாதிரி போட்டால் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக ஓடும். ஆனால் 3-ம் 6-ம் வெவ்வேறு முறுக்குகளுக்குப் போய்விடும். ஐந்து மீட்டரில் ஓடும், முப்பது மீட்டரில் திணறும். கம்பி ஓடுகிறதா என்பதை மட்டுமே அந்த டெஸ்டர் சொல்லும். எந்தக் கம்பி எதோடு முறுக்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கண்ணால் நிறத்தைப் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

புது முனை கட்டி, மேசைக்குப் பின்னால் கேபிள் வளைந்து தொங்க ஒரு சாண் தாராளம் விட்டாயிற்று. டெஸ்டரில் எட்டும் ஓடின. கணினியில் 1 ஜிபிபிஎஸ். விளக்கு நிலை.

நெட் மட்டும் வரவில்லை.

முகவரி

திரையின் மூலையில் பூகோள உருண்டை. "நோ இன்டர்நெட்". இந்த உருண்டையை முழுக்க நம்பவும் வேண்டாம், முழுக்கத் தள்ளவும் வேண்டாம். விண்டோஸ், மைக்ரோசாஃப்ட்டின் ஒரு முகவரியிலிருந்து "மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்" என்ற மூன்றே சொற்கள் உள்ள ஒரு சிறு கோப்பை எடுத்துப் பார்க்கிறது. வந்தால் நெட் உண்டு, வராவிட்டால் உருண்டை. நெட் நன்றாக இருந்து அந்த ஒரு கோப்பு மட்டும் தடைபட்டாலும் உருண்டை வரும்.

கமாண்ட் ப்ராம்ப்ட்டில் "ஐபிகான்ஃபிக் /ஆல்". நீளமாக ஓடும். அதில் ஈதர்நெட் பகுதியில் நான்கு வரி போதும்: ஐபிவி4 முகவரி, டீஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசல்), டிஹெச்சிபி சர்வர் (முகவரி கொடுப்பவர்), டிஎன்எஸ் சர்வர்ஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருபவை).

கேபிள் ஆடிக்கொண்டிருந்தபோது இதே இடத்தில் 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தது. அது யாரும் கொடுத்ததல்ல. முகவரி கேட்டுக் கத்திப் பார்த்து, பதில் வராததால் கணினி தானே வைத்துக்கொண்ட பெயர். 169.254 தெரிந்தால் ரவுட்டர்வரை பேச்சே போகவில்லை என்று பொருள். கேபிள், ஸ்விட்ச், அல்லது ரவுட்டரில் டிஹெச்சிபி அணைந்திருப்பது, இவற்றுக்கு வெளியே தேட வேண்டாம்.

இப்போது இருந்தது வேறு. முகவரி 192.168.0.103. கேட்வே 192.168.0.1. டிஹெச்சிபி சர்வர் 192.168.0.1. முகவரி வந்திருக்கிறது, கேட்வே சரி. பார்த்த மாத்திரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நெட் வரும் போன் ஒன்றில் வைஃபை விவரத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது: போனின் முகவரி 192.168.1.14, கேட்வே 192.168.1.1. ஒரே வீடு, ஒரே ஸ்விட்ச், இரண்டு வெவ்வேறு கேட்வே. ஓடும் கருவியையும் ஓடாத கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு ஈடான சோதனை கிடையாது.

அந்த 192.168.0.1 யார்? "ஏஆர்பி -ஏ" என்று அடித்தால் அந்த முகவரிக்கு எதிரே ஆறு ஜோடி எழுத்தெண் கொண்ட மேக் முகவரி, அதாவது கருவிக்கே உரிய அடையாள எண், வரும். பின்அறைப் பழைய ரவுட்டரைத் தலைகீழாகத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தால் முதல் ஐந்து ஜோடியும் ஒன்றே, கடைசி எழுத்து மட்டும் ஒன்றிரண்டு தள்ளி. ஒரு ரவுட்டரில் லேன் (வீட்டுப் பக்கம்), வேன் (வெளி நெட் வந்து சேரும் பக்கம்), வைஃபை ஒவ்வொன்றுக்கும் அடுத்தடுத்த எண் இருக்கும், அதனால் அந்தச் சின்ன வித்தியாசம் இயல்பு. ஆள் கிடைத்துவிட்டார்.

பழைய ரவுட்டரை வைஃபை நீட்டிப்புக்காக வைத்தவர், அதன் லேன் துளை ஒன்றில் கேபிளைச் செருகி, பெயரும் கடவுச்சொல்லும் பொருத்தி விட்டிருக்கிறார். அதற்குள் இருக்கும் டிஹெச்சிபியை அணைக்கவில்லை. ஆகவே ஒரே வலையில் முகவரி கொடுப்பவர்கள் இருவர். புதிதாக வரும் கருவி "யாராவது முகவரி கொடுங்கள்" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தும். இருவரும் நீட்டுவார்கள், எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். சில ரவுட்டர்கள் நீட்டுமுன் அந்த முகவரி காலியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும். அந்த இடைவெளியில் மற்றவர் முந்திக்கொள்வார். பழைய ரவுட்டர் கொடுக்கும் முகவரியில் கேட்வே அதுவே. அதன் வேன் துளையோ காலி. அதனிடம் போன தகவல் சுவரில் மோதி நிற்கும்.

இவ்வளவு நாள் எப்படி ஓடியது? முகவரிக்குக் குத்தகைக் காலம் உண்டு. பாதிக் காலம் ஆனதும் கணினி தனக்குக் கொடுத்த ரவுட்டரிடமே நேரடியாகப் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். எல்லோருக்கும் கேட்கக் கத்தாது. தினமும் காலையில் ஆன் செய்யும்போதும் பழைய முகவரியையே முதலில் கேட்கும். அதனால் கணினி எப்போதோ பெற்ற 192.168.1 முகவரியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கம்பி முறிந்து இணைப்பு நூறு முறை அறுந்து, குத்தகை கைநழுவி, புதிதாகக் கேட்கும் நிலை வந்தபோது பழைய ரவுட்டர் முந்திக்கொண்டது. பின்அறையில் "வைஃபை ஃபுல்லா காட்டுது, நெட் வரல, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வரும்" என்று போன்களைப் பற்றியும் ஒரு புகார் பல நாளாக இருந்திருக்கிறது. சிக்னல் கோளாறு என்று விட்டுவிட்டார்கள். அதுவும் இதே கூத்துதான்.

சரிசெய்தது இந்த வரிசையில். பழைய ரவுட்டரை ஸ்விட்சிலிருந்து கழற்றிவிட்டு, லேப்டாப்பை அதன் லேன் துளையில் தனியாக இணைத்தது. வீட்டு வலையில் இருக்கும்போதே திறக்கப் போனால் இரண்டு ரவுட்டருக்கு நடுவே குழப்பம். பிரவுசரில் 192.168.0.1. லேன் அமைப்பில் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமித்தது. ரவுட்டர் தானாக ரீபூட் ஆகும். லேப்டாப் புது முகவரி எடுத்துக்கொண்டபின் 192.168.1.2 என்று அடித்து மறுபடி உள்ளே போய், டிஹெச்சிபியை டிஸேபிள் செய்து சேமித்தது. சில மாடல்களில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிச் சேமிப்புப் பொத்தான். அடுத்த பக்கத்துக்குத் தாவினால் முந்தைய மாற்றம் காற்றோடு போகும். பிறகு ஸ்விட்சிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் துளையில், வேறு நிறத்தில் இருக்கும் வேன் துளையில் அல்ல, செருகியது.

முதன்மை ரவுட்டரிலும் ஒரு வேலை பாக்கி. அது முகவரி கொடுக்கும் வரம்பு 192.168.1.2 முதல் 254 வரை என்று இருந்தது. அப்படியே விட்டால் ஏதோ ஒரு நாள் ஒரு போனுக்கு 192.168.1.2-ஐயே கொடுத்துவிடும், பழைய ரவுட்டரோடு மோதும். வரம்பின் தொடக்கத்தை 20 என்று மாற்றியாயிற்று.

கணினியில் "ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்", பிறகு "ஐபிகான்ஃபிக் /ரினியூ". வந்தது 192.168.1.23, கேட்வே 192.168.1.1.

பிங் சொல்லும் பதில்கள்

வந்ததும் பிரவுசரைத் திறக்காமல் படிப்படியாகப் பிங் அடிப்பது நல்லது: முதலில் 192.168.1.1, அடுத்து 8.8.8.8 (வெளியே இருக்கும் கூகுளின் டிஎன்எஸ்), கடைசியில் ஏதாவது ஒரு தளத்தின் பெயர். 127.0.0.1-ஐப் பிங் செய்யச் சொல்லும் பழைய வழக்கம் உண்டு. கேபிளைக் கழற்றிவிட்டாலும் அது பதில் தரும், கணினிக்குள்ளேயே சுற்றிவருவது. அதனால் இங்கே பெரிய பயனில்லை.

பதில் வராததிலும் வகை உண்டு. "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று நம் சொந்த முகவரியிலிருந்தே பதில் வந்தால், எதிராளி பக்கத்து வலையிலேயே கண்ணில் படவில்லை. கேபிள், ஸ்விட்ச், தவறான முகவரி இவற்றைப் பார். "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்றால் தகவல் போயிருக்கிறது, திரும்பவில்லை. "ஜெனரல் ஃபெயிலியர்" என்றால் கணினியை விட்டே எதுவும் வெளியேறவில்லை. அடாப்டர் அணைந்திருக்கும், அல்லது ஃபயர்வால், விபிஎன் மென்பொருள் நடுவில் உட்கார்ந்திருக்கும்.

8.8.8.8 பதில் தந்து, பெயர் மட்டும் கிடைக்கவில்லை என்றால் டிஎன்எஸ். யாரோ எப்போதோ கையால் எழுதிவைத்த டிஎன்எஸ் முகவரி அடாப்டரின் ஐபிவி4 ப்ராப்பர்ட்டீஸில் உட்கார்ந்திருப்பது வழக்கமான காரணம். "என்எஸ்லுக்கப்" என்று அடித்துத் தளத்தின் பெயரைக் கொடுத்தால், பதில் சொல்வது யார் என்று முதல் வரியிலேயே காட்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

பெயரும் கிடைத்து, பிங்கும் வந்து, பிரவுசர் மட்டும் திறக்காவிட்டால் ப்ராக்ஸி (நடுவில் நிற்கும் சர்வர்) அமைப்பைப் பார். அதுவும் சரியாக இருந்து எல்லாத் தளமும் சான்றிதழ்ப் பிழை காட்டினால் மூலையில் இருக்கும் தேதியைப் பார். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். மூன்று வோல்ட் பேட்டரி, மாற்ற ஐந்து நிமிடம். "நெட் வரல" என்று வரும் பழைய கணினிகளில் இதுவும் ஒரு பங்கு.

சில தளம் திறக்கும், சில தளம் பாதியில் நிற்கும் என்றால் அளவுக் கோளாறாக இருக்கலாம். பயனர் பெயர் கொடுத்து இணையும் பிபிபிஓஈ இணைப்பில் 1500 பைட் பொட்டலத்தில் 8 பைட் தலைப்புக்கே போய்விடும், மிச்சம் 1492. அதில் பிங்கின் தலைப்புகள் 28 போக 1464. "பிங் -எஃப் -எல் 1464 8.8.8.8" போய், 1465 போகாவிட்டால் அளவு சரிதான்; 1464-ம் போகாவிட்டால் ரவுட்டரில் எம்டியு (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) மதிப்பைக் குறைக்க வேண்டும்.

மறுநாள்

இணைப்பை மறுநாள் காலை ஆன் செய்து பார்க்காமல் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. காலையில் ஆன் செய்தபோது விளக்கே இல்லை. ரீஸ்டார்ட் செய்ததும் வந்தது. ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் இல்லை, ரீஸ்டார்ட் செய்தால் உண்டு: இந்த வித்தியாசமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் அல்ல. டிரைவர்களின் நிலையை டிஸ்கில் எழுதிவைத்துத் தூங்குவது. எழும்போது கார்டு தூக்கம் கலையாமல் கிடக்கும். ரீஸ்டார்ட் ஒன்றுதான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், "சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ" என்ற இடத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்தாயிற்று. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பவர் மேனேஜ்மென்ட்டில், மின்சாரம் மிச்சப்படுத்தக் கார்டை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்தாயிற்று. அதற்குமுன் ஒருமுறை பவர் கார்டைச் சுவரிலிருந்து உருவி, ஆன் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டது. தூங்கும் கார்டு சில சமயம் இதற்கு மட்டும்தான் எழும்.

"நெட்வொர்க் ரீசெட்" என்ற பொத்தான் விண்டோஸ் 10-ல் 1607 பதிப்பிலிருந்து இருக்கிறது. அழுத்தத் தூண்டும். எல்லா அடாப்டரையும் கழற்றிப் புதிதாகப் போடும். கையால் எழுதிய முகவரி, விபிஎன், சேமித்த வைஃபை கடவுச்சொல் எல்லாம் போகும். பிரிண்டருக்காக நிலை முகவரி வைத்திருக்கும் அலுவலகக் கணினியில் இதை அழுத்தினால் ஒரு கோளாறுக்குப் பதில் மூன்று. இந்தக் கணினியில் அழுத்தியிருந்தால், முறிந்த கம்பியும் ஒட்டியிருக்காது, பழைய ரவுட்டரும் வாயை மூடியிருக்காது.

மழைக்காலத்தில் வரும் இன்னொரு வகையையும் சொல்லிவிடலாம். இடி விழுந்த மறுநாள் விளக்கு அறவே இல்லை, நல்ல கேபிளிலும் இல்லை, டிவைஸ் மேனேஜரில் கார்டு தெரிகிறது அல்லது கோட் 10 (கருவி தொடங்கவில்லை என்ற பிழை) காட்டுகிறது என்றால் துளை எரிந்திருக்க நிறைய வாய்ப்பு. மாடிக்கு வெளிச்சுவர் வழியாக ஏறும் கேபிள்களில் இது வரும். மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் கிகாபிட் கார்டு, அல்லது யுஎஸ்பி 3.0-வில் செருகும் கிகாபிட் அடாப்டர் போதும். எரிந்த துளையை மதர்போர்டின் அமைப்புப் பக்கமான பயாஸில் டிஸேபிள் செய்துவிட்டால் குழப்பம் இருக்காது. ஸ்விட்சின் அதே கேபிள் போகும் துளையையும் சோதிக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு முனையும் சேர்ந்தே போகும்.

கடைசிச் சோதனையாக "பிங் -டி 192.168.1.1" ஒரு மணி நேரம் ஓடவிட்டது. கேட்வே வரை ஒன்றுகூடத் தவறக் கூடாது, கேபிளில் பதில் நேரம் 1 மில்லிசெகண்ட் அளவில் இருக்க வேண்டும், இரண்டும் சரி. அதன்பின் "நெட்ஸ்டாட் -ஈ" அடித்து எரர்ஸ் வரியில் எண் ஏறாமல் இருக்கிறதா என்று பார்த்தது, பூஜ்யத்தில் நின்றது. இடையில் ஒருமுறை ஸ்லீப் போட்டு எழுப்பியது, ஒருமுறை ஷட் டவுன் செய்து பத்து நிமிடம் கழித்து ஆன் செய்தது, மேசையை ஆட்டிப் பார்த்தது.

புதுச் செம்புக் கேபிள் 25 மீட்டர் எழுதிக்கொடுத்தாயிற்று. பழைய ரவுட்டரின் தலையில் மாஸ்கிங் டேப் ஒட்டி மார்க்கரில் எழுதியது: "192.168.1.2. டிஹெச்சிபி ஆஃப். லேன் துளையில் மட்டும் செருகவும். ரீசெட் பொத்தானை அழுத்தினால் பழையபடி ஆகிவிடும், அழுத்த வேண்டாம்."